சாலிகிராமத்தில் எனக்குப் போட்ட மாலை

பயணம் போய் வந்து எழுதுகிறவர்கள் காசியைப் பற்றி எழுதுகிறார்கள், சிங்கப்பூரைப் பற்றி எழுதுகிறார்கள். நான் போனது சென்னைக்கு, அதிலும் ஒரே ஒரு பகுதிக்கு. பத்தாவது வரை படித்தவன். கூட்டுறவு சங்கத்துக்கு மனு எழுதியதைத் தவிர வேறு எதையும் எழுதியதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு எழும்பாது. இப்படிப்பட்டவன் பேனாவை எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடியாததை எங்காவது இறக்கி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது.

விஷயம் இதுதான். நான் உயிரோடு இருக்கிறேன். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரில் கொத்தமல்லியும் பருத்தியும் போட்டுக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். ஆனால் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் டிவி சீரியல் ஒன்றில் ஒரு வீட்டு ஹாலில் என் படம் தொங்குகிறது. சந்தன மாலை, நெற்றியில் பொட்டு, மேலே ஒரு சிவப்பு பல்பு. அதற்கு முன்னால் ஒரு பெண் நின்று, "அப்பா, என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று அழுகிறது.

அந்தப் படம் அவர்கள் கைக்குப் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். போன கோடையில் எங்கள் வறண்ட கண்மாயில் ஏதோ பாட்டு எடுக்க வந்தார்கள். வேடிக்கை பார்க்க ஊரே போனது. நான் கடைசியில் ஒரு கருவேல மரத்தடியில் நின்றேன். கேமராவோடு ஒரு பையன் வந்து, "அய்யா, நல்ல முகம் உங்களுக்கு. நேராப் பாருங்க. சிரிக்காதீங்க" என்றான். எதற்கு என்று கேட்க எனக்குக் கூச்சம். எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த முகத்துக்குக் கீழே ஒரு கோட்டும் கழுத்துப்பட்டையும் ஒட்டி என்னை ஒரு தொழிலதிபராக்கி, சாகடித்து, சுவரில் மாட்டிவிட்டார்கள்.

முதலில் ஊரில் சிரித்தார்கள். திருச்சுழி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், "வாங்க மொதலாளி, செத்தும் டீ குடிக்க வந்துட்டீகளா?" என்றார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு குடித்துவிட்டு வந்தேன். அதுவரை பரவாயில்லை.

என் மகள் முத்துலட்சுமியை மல்லாங்கிணற்றில் கொடுத்திருக்கிறோம். ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. எங்கள் வகையறாவில் பெற்றவள்தான் முதல் வளையல் போட வேண்டும். அதற்கு முந்தின வாரம் சம்பந்தியம்மா என் மனைவி பஞ்சவர்ணத்துக்குப் போன் போட்டார். சத்தமாகப் பேசுகிறவர், பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"மதினி, தப்பா எடுத்துக்கிராதீக. மொத வளையல வேற யாராச்சும் போடட்டுமே."

"ஏன் மதினி?"

"தெனமும் அண்ணன் படத்த மாலையோட பாக்கேன். புள்ளத்தாச்சிப் புள்ள காரியம். மனசு கெடந்து அடிக்குது."

"அவுக இந்தா எம் பக்கத்துல ஒக்காந்து வெத்தல மெல்லுதாக."

"தெரியும் மதினி. ஆனாலும்..."

அந்த 'ஆனாலும்' எங்கள் வீட்டில் ரெண்டு நாள் கிடந்தது. பஞ்சவர்ணம் அழவில்லை. குங்குமச் சிமிழை எடுத்து என் முன்னால் வைத்தாள். "நான் பெத்த புள்ளைக்கு நான் வளையல் போடக்கூடாதாம். அந்தப் படத்த எறக்காம நம்ம வீட்டுப் படி ஏறாதீக" என்றாள். அவள் தம்பி பாண்டி சென்னை சாலிகிராமத்தில் படப்பிடிப்புக்கு ஜெனரேட்டர் வண்டி ஓட்டுகிறான். அன்று ராத்திரியே நான் பஸ் ஏறினேன்.

சாலிகிராமம் என்றால் ஏதோ இந்திரலோகம் என்று எங்கள் பக்கத்தில் நினைக்கிறோம். சந்து சந்தாகப் போகிற, சாக்கடை வாடை அடிக்கிற ஊர் அது. பாண்டி வீடு ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. கேன் தண்ணீர். எங்கள் ஊரில் மழை இல்லாததால் தண்ணீர் இல்லை. அங்கே மழை பெய்தும் தண்ணீர் இல்லை. பாண்டியின் மனைவி செல்வி இட்லி வைத்தாள். கடையில் வாங்கிய சாம்பார். இனித்தது. "ஏம்மா, சீனி போட்டாகளா?" என்று கேட்டேன். "பழகிரும்ணே" என்றாள். மதியத்துக்குப் பருப்பு வேகட்டும் என்று குக்கரை அடுப்பில் வைத்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கதவை யாரோ தட்டினார்கள். காதில் ஒயர் மாட்டிய ஒரு பையன்.

"அக்கா, பக்கத்து வீட்ல டேக் போயிட்டிருக்கு. குக்கரை இறக்குங்க. விசில் வரக்கூடாது."

"பருப்பு வேக வேண்டாமா?"

"லஞ்ச் பிரேக்ல வேக வைங்க."

செல்வி இறக்கி வைத்தாள். எனக்குத் தாங்கவில்லை. சொந்த அடுப்பில் பருப்பு வேக வைக்க அடுத்த வீட்டு நடிகர் அனுமதி கொடுக்க வேண்டுமா? போன மாதம் மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எல்லாம் எடுக்கச் சொன்னார்களாம், மாடிக் காட்சியில் வேறு யாருடைய துணியும் தெரியக்கூடாது என்று. பிள்ளையின் பள்ளிச் சட்டை காயாமல், ஈரத்தோடு போட்டு அனுப்பினாளாம். "சினிமா பக்கத்துல குடியிருக்கோம்னு ஊர்ல பெருமையாப் பேசுவாக, நீங்க சொல்லிராதீகண்ணே" என்றாள்.

அன்று மாலை காலாற நடந்தேன். ஒரு டீக்கடையில் முழு அலங்காரத்தோடு ஒரு மணப்பெண் நின்று பால் பாக்கெட் வாங்கியது. பக்கத்தில் தாலி கட்டப்போகிறவர் என்று பார்த்தால், அவர் வேறு ஒரு படத்தில் கைதி. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளை வேட்டியில் வயசாளிகள் நாலைந்து பேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சாயத்துக் காட்சிக்கு ஆள் எடுப்பார்கள் என்று காலையிலிருந்து காத்திருந்தார்களாம். எங்கள் ஊரில் களையெடுக்க ஆள் கிடைக்கவில்லை. இங்கே சும்மா உட்கார்ந்து தலையாட்ட ஆள் வரிசையில் நிற்கிறது.

மறுநாள் அந்த சீரியல் கம்பெனியின் ஆபீசுக்குப் புறப்பட்டேன். ஷேர் ஆட்டோ பாதியில் நின்றது. "ஷூட்டிங், ரோடு பிளாக். எறங்கி நடங்க" என்றார் டிரைவர். பொது ரோடு. இறங்கி நடந்தேன். "யோவ், யாருய்யா அது, ஃபிரேம்ல வர்றது!" என்று ஒரு சத்தம். அப்படியே நின்றுவிட்டேன். பிறகு அதே குரல், "நல்லாருக்கே, அய்யா, திரும்பப் போய் இன்னொரு தடவை நடந்து வாங்க" என்றது. நடந்தேன். "வேகமா." மறுபடி நடந்தேன். முடித்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். என் படத்தை எடுத்ததைக் கேட்க வந்தவனிடம் நடையையும் எடுத்துக்கொண்டார்கள். ஆபீஸ் போய்ச் சேருகிறவரை என்னை நானே திட்டிக்கொண்டு போனேன்.

புரொடக்ஷன் மேனேஜர் சின்ன வயசு. என்னைப் பார்த்ததும், "அட, அப்பா!" என்று எழுந்துவிட்டார். அப்புறம் உட்கார்ந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். வளையல் என்றதும் சிரித்தார்.

"சார், சீரியல்ல வர்றதெல்லாம் நிஜமா? இதுக்கெல்லாம் யாராவது பயப்படுவாங்களா?"

"படத்த எறக்கிட்டா போதும்யா."

"எப்படி சார்? ஜனங்க தினம் பாத்த முகம். அப்பாவை நடுவுல மாத்த முடியாது."

எனக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்தது. "போன மாசம் அந்தக் கதாநாயகியவே மாத்துனீக. 'இனி இவருக்குப் பதில் இவர்'னு கீழ எழுதிப் போட்டீக. நடமாடுற பொண்ண மாத்தலாம், செத்த அப்பன மாத்தக் கூடாதா?"

அவர் மேசையில் இருந்த நோட்டைப் புரட்டினார். படம் தங்களுடையது இல்லை, வாடகைக்கு எடுத்தது, கடையில் போய்க் கேளுங்கள் என்று ஒரு சந்தின் பெயரைச் சொன்னார்.

அந்தக் கடையைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பழைய குடோன். ஆஸ்பத்திரிக் கட்டில், கோர்ட்டுக் கூண்டு, பிளாஸ்டிக் ஆப்பிள். ஒரு சுவர் முழுக்க மாலை போட்ட படங்கள். அப்பாக்கள் ஒரு பக்கம், அம்மாக்கள் ஒரு பக்கம். யார் செத்தவர்கள், யார் என்னைப்போல எங்கேயோ மாடு பத்தி மேய்த்துக்கொண்டு இருக்கிறவர்கள் என்று தெரியவில்லை. கும்பிடவா வேண்டாமா என்று தடுமாறினேன். மேலே ரெண்டாவது வரிசையில் இன்னொரு நான் இருந்தேன். அதில் கோட்டு இல்லை, பட்டுச் சட்டை.

கடைக்காரர் சந்தோஷமாக வரவேற்றார். "உங்க முகம் நல்லாப் போகுதுங்க. பாசமான அப்பா முகம். கண்டிப்பான அப்பாவுக்கும் கேக்கறாங்க."

"யாரக் கேட்டு வச்சிருக்கீக?"

"நான் யார்கிட்ட கேக்கறது? கண்மாய்ல எடுத்த பையன் கொண்டு வந்து குடுத்தான். கம்பெனிக்காரங்க திருப்பிக் குடுத்தாத்தான் என்னால எடுக்க முடியும். அங்க போய்ச் சொல்லுங்க."

தாலுகா ஆபீசில் இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் நடந்த பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் அங்கே நிலத்துக்காக நடந்தேன். இங்கே என் முகத்துக்காக. பட்டுச் சட்டைப் படத்தையாவது கழற்றுங்கள் என்று கெஞ்சினேன். கழற்றினார். நான் தெரு முனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது ஏணி போட்டு மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பாண்டி என்னைப் படப்பிடிப்பு வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனான். அவன் வண்டி ஓட்டுவதும் அந்தக் கம்பெனிக்குத்தான். வாசலிலேயே கையைப் பிடித்தான். "மச்சான், பாத்துப் பேசுங்க. சத்தம் கித்தம் போட்டுறாதீக. எம் பொழப்பு இதுல கெடக்கு."

"நான் என்னைக்கு மாப்ள சத்தம் போட்டிருக்கேன்?"

"அதத்தான் நானும் நம்பி வந்திருக்கேன்."

உள்ளே ஹாலில் தொங்கிக்கொண்டிருந்தேன். டிவியில் பார்த்ததைவிடப் பெரிய படம். அந்த வீட்டுக்குச் சொந்தக்கார அம்மா பின்கட்டில் ஒரே அறையில் இருக்கிறார், மற்றதெல்லாம் வாடகைக்கு. என்னைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "அந்த ஆணி எங்க வீட்டுக்காரர் படம் மாட்டின ஆணிங்க. அவரைக் கழட்டிப் பரண்ல போட்டுட்டாங்க. வருஷத் திதிக்குக்கூட இறக்க முடியலை, ஷூட்டிங் இருந்தது" என்றார். நிஜமாகச் செத்தவருக்கு அவர் கட்டிய வீட்டிலேயே இடம் இல்லை. சாகாத என்னைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று இன்னும் விளங்கவில்லை.

வராந்தாவில் அழுகிற அந்தப் பெண் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கன்னடத்துப் பெண். என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அதன் அம்மாவிடம் ஏதோ சொன்னது. அந்த அம்மா தமிழில் சொன்னார்: "உங்க முகத்தைப் பார்த்தாலே இவளுக்கு அழுகை வந்துடுதாம். கிளிசரினே வேண்டாமாம். ரொம்ப தேங்க்ஸ் சொல்றா." எனக்குக் காது மடல் சுட்டது.

அன்று அந்த ஹாலில் ஒரு தாத்தா சாகிற காட்சி. நடிகர் வயசானவர். கண்ணை மூடிப் படுத்தார், மாலை போட்டார்கள், எல்லோரும் விழுந்து அழுதார்கள். "கட்" என்றதும் சாப்பாட்டுக்கு ஓடுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் நகரவில்லை. செத்தவர் எழுந்து உட்கார்ந்தார். மாலையைக் கழற்றினார். கேமராவை நேராகப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். அதையும் எடுத்தார்கள். பிறகு ஒருவர் பூசணிக்காயில் சூடம் ஏற்றிச் சுற்றி வாசலில் போட்டு உடைத்தார்.

"என்ன மாப்ள இது?"

"செத்தவுகளா நடிச்சா, எந்திரிச்சு ஒருக்காச் சிரிக்கணும் மச்சான். அத எடுத்தாத்தான் அடுத்த வேல. இல்லாட்டி நெசமாயிரும்னு ஒரு பயம்."

"அவசரம்னா?"

"மொதலாளியே வந்து நின்னாலும் சிரிச்சாகணும்."

மேனேஜர் பக்கத்தில்தான் நின்றார். அத்தனை பேர் இருந்தார்கள். நான் அவர் முன்னால் போய் நின்றேன். குரல் நடுங்கத்தான் செய்தது.

"சீரியல்ல வர்றது நெசமான்னு கேட்டீகளே. அப்ப இவுகள எதுக்குச் சிரிக்கச் சொன்னீக? ஒங்க ஆளுன்னா ஆயுசு வேணும். எனக்கு வேண்டாமா? என்னையச் சிரிக்காதேன்னு சொல்லிப் படம் எடுத்தீக. மாலையப் போட்டீக. என்னைய எவன் எந்திரிச்சுச் சிரிக்கச் சொன்னான்? எங்க சம்பந்தியம்மா பயந்தா பட்டிக்காடு. நீங்க பயந்தா பூசணிக்காயா?"

சிரித்த அந்தப் பெரியவர்தான் முதலில் பேசினார்: "தப்புதான்யா. பண்ணியிருக்கக் கூடாது." மேனேஜர் முகம் சுண்டிப்போனது. கேமராக்காரரிடம் போய்க் குசுகுசுவென்று பேசினார். திரும்பி வந்து, "சார், உங்களையும் ஒரு ஷாட் எடுத்துடுவோம். படத்துப் பக்கத்துல நின்னு சிரிங்க" என்றார்.

என்னை நிறுத்தினார்கள். விளக்கைத் திருப்பினார்கள். அந்தக் கன்னடத்துப் பெண்ணும் கை கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபத்தில் எப்படி வரும்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "சிரிங்க சார், லஞ்ச் டைம்" என்றார்கள். செல்போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டு ஓரமாக நின்ற பாண்டி, படத்தையும் என்னையும் பார்த்தான்.

"மச்சான், இந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு எந்தக் கம்மாயில மாடு பத்துனீக?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தப் பெண்ணும் என்னவென்று புரியாமலே சிரித்தது. எடுத்துவிட்டார்கள். பூசணிக்காயும் உடைத்தார்கள்.

"முடிஞ்சுது சார். தோஷம் போச்சு" என்றார் மேனேஜர். "சாப்பிட்டுட்டுப் போங்க. இன்னிக்கு வடை பாயசத்தோட."

"படம்?"

"அதான் சிரிச்சாச்சே சார். அது இருக்கட்டும்."

அப்போதுதான் புரிந்தது. எனக்காக எடுக்கவில்லை. அவர்கள் பயம் தீர எடுத்துக்கொண்டார்கள். நான் சுவரோரம் போனேன். ரெண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்தேன். கனமே இல்லை, ஆணியிலிருந்து தூக்கினால் வந்துவிடும். மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை, பாண்டியைப் பார்த்தார். "நீ கூட்டிட்டு வந்த ஆளுதானே?" என்று மட்டும் கேட்டார். பாண்டி போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். பிள்ளையின் ஈரச் சட்டை என் ஞாபகத்துக்கு வந்தது. கையை எடுத்துவிட்டேன். வடையும் வேண்டாம், பாயசமும் வேண்டாம் என்று வெளியே வந்தேன். அந்த ஒன்றைத்தான் அங்கே என் இஷ்டப்படி செய்தேன்.

ஊர் திரும்பும்போது பஸ்ஸில் தூக்கம் இல்லை. வீட்டுப் படி ஏறாதீக என்றாளே, எந்த முகத்தோடு ஏறுவது என்று அருப்புக்கோட்டை வரை அதே நினைப்பு. அங்கே இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போதே பஞ்சவர்ணம் போன் போட்டாள்.

"எறக்கிட்டு வாங்கன்னு அனுப்புனா பல்லக் காட்டிட்டு வாரீகளாக்கும்."

பாண்டி எடுத்த வீடியோ எனக்கு முன்னால் மல்லாங்கிணறு போயிருக்கிறது. சம்பந்தியம்மா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாராம். "மதினி, அண்ணன் எந்திரிச்சுச் சிரிச்சிட்டாக. அந்தப் பொண்ணே பக்கத்துல நின்னு சிரிக்குது. இனி என்ன? மொத வளையல நீங்கதான் போடணும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. நான் இத்தனை நாளும் அவர்கள் வீட்டில் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன், அவர்களோடு பேசிச் சிரித்திருக்கிறேன். அதெல்லாம் கணக்கில் வரவில்லை. ஹாலில் தொங்கிய படத்தால் செத்தேன், போனில் வந்த படத்தால் பிழைத்தேன். நடுவில் உட்கார்ந்து வெற்றிலை மென்றவனை யாரும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. "அப்ப நீ போடப் போறியா?" என்று கேட்டேன். "போடாம? எம் புள்ள அது. யாரு எதுக்குச் சம்மதிச்சா எனக்கென்ன?" என்றாள். "வீட்டுக்கு வாங்க, கஞ்சி இருக்கு."

மறுநாள் மல்லாங்கிணற்றில் வளைகாப்பு நடந்தது. முதல் வளையலைப் பஞ்சவர்ணம் போட்டாள். சாயங்காலம் விளக்கு வைத்ததும் சம்பந்தியம்மா டிவியைப் போட்டார். என் படம் மாலையோடு அதே ஆணியில் இருந்தது.